பூட்டு வீடு

"யாரு?"
"கொசுவுக்கு வந்திருக்கோம்."
"உம்மா, கொசுக்காரி வந்திருக்கா."
கழுத்து அட்டையில் மாடத்தி என்று இருக்கிறது.
வாசித்தவர் யாருமில்லை.

கடையநல்லூரில் எங்கள் பக்கம்
எட்டு நாளைக்கு ஒருதரம் தண்ணீர்.
முட்டை புழுவாகி, கூடாகி, சிறகு முளைக்க
அதற்கும் எட்டு நாள்.
நகராட்சி வைத்த முறையும் கொசு வைத்த முறையும்
எப்படியோ ஒத்துப்போய்விட்டது.

அதனால் வீட்டில் உள்ளதெல்லாம் நிறைந்திருக்கும்:
சிமெண்டுத் தொட்டி, நீல டிரம்,
மூடி தொலைந்த தேக்சா,
வெள்ளையடித்து மிஞ்சிய பெயிண்ட் வாளி.
டார்ச் அடித்தால்
மேலே தலைகீழாய்த் தொங்கியவை
சுருண்டு சுருண்டு அடிக்கு ஓடும்.
ஓடினால் உண்டு.
அவ்வளவுதான் எங்கள் படிப்பு.

"கொட்டுங்க" என்றேன்.
"கொட்டிட்டு? நீ வந்து பிடிச்சுத் தருவியா?"
ஹவ்வா உம்மாவின் கேள்விக்குப்
பயிற்சியில் பதில் இல்லை.
வேட்டித் துணியில் வடிகட்டி
வேறு டிரம்மில் ஊற்றினோம், இரண்டு பேருமாக.
காலித் தொட்டியை நாரால் தேய்த்தேன்.
தண்ணீர் நின்ற கோட்டுக்குச் சற்று மேலே
மிளகுப்பொடி மாதிரி ஒட்டியிருக்கும் முட்டை.
காய்ந்தாலும் மாசக்கணக்கில் கிடக்கும்,
நனைந்த அன்றைக்கு எழும்பும்.
"நம்மளவிட பொறும அதுக்கு" என்றாள்.

ஐப்பசி மழை இரண்டு நாள் ஊற்றிவிட்டு
ஒரு வாரம் வெறித்தது.
மேற்கே மலை கழுவிவைத்ததுபோல் நின்றது.
மூன்றாம் முடுக்கில் நாலு காய்ச்சல்.
முப்பத்திரண்டு வீட்டில் முப்பத்தியொன்றைப்
பார்த்தோம், தேய்த்தோம், மருந்து விட்டோம்.
அப்புறமும் ஐந்தாவது காய்ச்சல்.
அப்ரா. எட்டு வயது. தட்டணு முப்பதாயிரம்.
ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

நோட்டில் ஒரு கட்டம் உண்டு: பூட்டு வீடு.
போன வாரம் ஒன்று.
அதற்கு முந்தின வாரமும் ஒன்று.
அதே ஒன்று.

உடைக்கலாமா என்றால், உடை என்கிறார் சூப்பர்வைசர்,
எழுதித் தர மாட்டார்.
மூன்று மாதச் சம்பளமும் அப்படித்தான்,
வாயில் இருக்கிறது.

தம்மாமிலிருந்து வீடியோவில் வந்தார் செய்யது மசூது.
"உடைங்க. போனை முன்னால புடிச்சிக்கிட்டு நடங்க."
ஒரு கையில் அவர், ஒரு கையில் டார்ச்.
"மெல்ல, மெல்ல" என்றார்,
பிள்ளை தூங்குகிற அறை மாதிரி.
மார்பிள் தரையில் என் கால் தடம் விழுந்தது.
பிரிட்ஜைத் திறந்து காட்டச் சொன்னார். வெறுமை.
ஜன்னலருகே மணிக்கட்டில் ஒன்று உட்கார்ந்தது,
காலில் வெள்ளை வரி போட்டது.
அடிக்கக் கை இல்லை.
குடித்துவிட்டுப் போனது.

மொட்டைமாடித் தொட்டிக்கு மூடி பறந்திருந்தது.
வெளிச்சத்தைச் சாய்த்தேன்.
"அது என்னம்மா, தண்ணி ஆடுது?"
"தண்ணி ஆடல காக்கா."
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம்
ஏசிச் சத்தம் மட்டும்.

கட்டி ஆறு வருசமாம்.
மொத்தமே நாற்பது ராத்திரிதான்
அந்த வீட்டில் படுத்திருக்காராம்.
"அதுக எத்தன நாளா இருக்கு?"
கணக்கு எனக்குத் தெரியும்.
சொல்லவில்லை.

அடிக்குழாயைத் திறந்துவிட்டோம்.
புது மூடி, புதுப் பூட்டு.
சாவி ஹவ்வா உம்மாவின் முந்தானையில்.
கட்டத்தில் சைபர் எழுதும்போது
மணிக்கட்டு அரித்தது.

அன்று ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் விட்டார்கள்.
தெரு முழுக்க மோட்டார் சத்தம்.
எழுந்து என் குடங்களையும் நிறைத்துவிட்டு
வாசலில் நின்று விரல் மடக்கினேன்:
ஒன்று.